இயந்திரம் சொன்ன சொல்

கைப்பேசியைப் பழைய கம்பளிச் சால்வையில் சுற்றி, ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்திச் சாத்திய பிறகுதான் சவேத்தா கிலெசான் வாயைத் திறப்பார். பேசப்போவது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. முட்டைக்கோஸ் இந்த வருடம் ஏன் இப்படிக் கசக்கிறது, மூட்டுவலிக்கு எந்தக் களிம்பு தேவலை, வியன்னாவில் இருக்கும் மகள் ஈஸ்டருக்கு வருவாளா மாட்டாளா, இவ்வளவுதான். ஆனாலும் பெட்டியை மூடியாக வேண்டும். எண்வட்டைச் சுழற்றும் தொலைபேசி இருந்த நாட்களில் அந்த வட்டைப் பாதி சுழற்றி, ஓட்டையில் ஒரு பென்சிலைச் செருகி நிறுத்திவைப்பார். அப்படிச் செய்தால் ஒட்டுக்கேட்க முடியாது என்று ருமேனியாவின் திமிஷோவாரா நகரத்தில் நாங்கள் எல்லோருமே நம்பினோம். இப்போது பென்சில் செருக இடமில்லை என்பதில் அவருக்கு மனக்குறை. "ஓட்டையே இல்லாத போனைக் கண்டுபிடிச்சவன் சாமானியப்பட்டவன் இல்ல தம்பி. யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்" என்பார்.

குட்டையான உருவம். இடது ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கண்ணாடிபோல வழவழவென்று மின்னும். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பல வருடம் தொட்டுத்தொட்டு ரேகை அழிந்த இடம் அது. எங்கே உட்கார்ந்தாலும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். பேருந்தில் கடைசி வரிசை கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவார். சாப்பிடும்போது மின்தூக்கி அவருடைய மாடியில் நின்றால், வாயில் இருப்பதை மெல்லுவது நின்றுவிடும். காலடி ஓசை எதிர்வீட்டுப் பக்கம் போன பிறகு தாடை மறுபடி அசையும்.

காலஞ்சென்ற அவர் கணவர் ட்ராயான் டிராம் ஓட்டியவர், வாய்த்துடுக்குக்காரர். விருந்தாளிகள் முன்னால் வைத்தே மனைவியைச் சீண்டுவார். "கதவைத் தட்டுறது யாருன்னு எங்க வீட்டம்மாவுக்குத் திறக்காமலே தெரிஞ்சிடும். தபால்காரன் தட்டினாலும் போலீஸ்தான், பால்காரி தட்டினாலும் போலீஸ்தான்." சவேத்தா சிரிக்கமாட்டார். "ஒருநாள் நான் நினைக்கிறது சரியாப் போயிடும்ல, அன்னிக்குச் சிரிக்கிறேன்" என்று மட்டும் சொல்வார்.

எங்கள் கட்டடத்தில் இவரைவிடப் பயந்தவர் யாரும் இருந்ததில்லை. அவருக்கு மேல்மாடியில் நானும் என் மனைவி அனிகோவும் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம், அதனால் உறுதியாகச் சொல்வேன். இப்படிப்பட்ட பெண்மணிதான் தன் சமையலறை மேசையில், அவரைக்கொட்டைக் கஞ்சி கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், யாரும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கணினி செய்தார்.

அப்போது அவர் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கூட்டுறவு நிலையம் ஒன்றில் வேலை. ஒரு பல் மருத்துவர் வெளிநாடு போய்வந்த உறவினர் மூலம் ஆங்கிலேயர்கள் செய்த சின்னக் கணினி ஒன்றை வரவழைத்திருந்தார். ரப்பர் விசைகள், உள்ளங்கை இரண்டு அகலம், தொலைக்காட்சிப் பெட்டியில் கம்பியைச் செருகினால் அதுவே திரை. வந்த வேகத்தில் அது செத்துப்போயிற்று. நிலையத்துக் கணக்கில் சேராமல், கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து சவேத்தாவிடம் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அது அவர் வீட்டில் இருந்தது. வசந்தத்தில் மருத்துவர் திரும்ப வாங்கிப்போனபோது இயந்திரம் ஓடியது. சவேத்தாவின் மேசைக்கடியில் அதேபோல இன்னொன்றும் ஓடியது.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பெருமையாக எதுவும் சொல்லமாட்டார். பூவேலைப்பாட்டைப் பார்த்துப் பின்னுகிறவள்போல ஒவ்வொரு தடத்தையும் பார்த்து அப்படியே வரைந்தாராம். "இந்தக் கம்பி எதுக்குன்னு பாதி எனக்குத் தெரியாது தம்பி. அங்க இருந்துச்சு, அதனால இங்கயும் இருக்கணும். வெள்ளைக்காரன் தப்புப் பண்ணியிருந்தா அந்தத் தப்பும் அப்படியே நம்மகிட்ட வந்திருக்கும்." பாகங்கள் தொழிற்சாலைகளிலிருந்து தொழிலாளிகளின் மதிய உணவு டப்பாக்களில், கோட்டு உள்துணித் தையலில் வெளியே வந்தன. கால்குலேட்டர் விசைகளைப் பிடுங்கி விசைப்பலகை ஆக்கினார். பெட்டிக்கு ட்ராயான் டிராம் பணிமனையிலிருந்து தகரம் கொண்டுவந்தார். ஒரு பொறியாளர் கேட்டார், ஒரு கணக்கு வாத்தியார் கேட்டார், பல் மருத்துவரின் மைத்துனர் கேட்டார். கேட்ட ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு புதுப் பயத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

ஏனென்றால் அது தட்டச்சு இயந்திரங்களைக் காவல்நிலையத்தில் பதிவுசெய்ய வேண்டிய காலம். வருடத்துக்கொரு முறை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய், எல்லா எழுத்தையும் தட்டிக் காட்டி, மாதிரித் தாளைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்ததால் இந்த விவகாரம் எனக்கு அத்துப்படி. விசைகள் உள்ள, எழுத்து வருகிற இந்தப் பெட்டி தட்டச்சா இல்லையா என்று சட்டத்தில் யாரும் எழுதவில்லை. எழுதாதிருப்பதுதான் பெரிய பயம். எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சவேத்தா தனக்குத் தானே ஒரு நியாயம் வகுத்துக்கொண்டிருந்தார். "தாள்ல விழாத வரைக்கும் அது எழுத்து இல்ல. கண்ணாடியில மின்னுது, அணைச்சாப் போயிடுது. யாரு சாட்சி?" அச்சு எடுக்கும் கருவியை யார் கேட்டாலும், என்ன தருவதாகச் சொன்னாலும், அவர் தொடவில்லை.

ஆகவே அவர் மிகமிகக் கவனமாக இருந்தார். இயந்திரத்தைச் சோதிக்கும் முன் திரைச்சீலையை இழுப்பார். தொலைக்காட்சியின் பின்னாலிருந்து ஆன்டெனா கம்பியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் இயந்திரத்தின் கம்பியைச் செருகுவார். முடிந்ததும் மறுபடி மாற்றுவார். கூரைமேல் இருந்த ஒரே ஆன்டெனாவிலிருந்து எங்கள் படிக்கட்டு வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி இறங்கியது. அதனால் இந்தப் பிடுங்கல் முக்கியம்.

மனைவி ஒவ்வொரு தடவையும் மேசைக்குப் பின்னால் குனிந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவதை ட்ராயான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள், சவேத்தா கடைக்கு வரிசையில் நிற்கப் போயிருந்த நேரத்தில், இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, ஒரே செருகியில் பற்றவைத்து, அழகாகப் பட்டை சுற்றி, திரும்ப மாட்டிவிட்டார். நல்லெண்ணத்தோடு செய்த காரியம். சொல்லத்தான் மறந்துபோனார்.

மறுநாள் மாலை நாட்டுத் தலைவரின் உரை. அந்நாட்களில் எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி மாலையில் இரண்டு மணிநேரம்தான். அதில் பெரும்பகுதி அவர்தான். கணப்புக் குழாய்கள் தொட்டால் ஜில்லென்று இருந்தன. நானும் அனிகோவும் மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கட்டட நிர்வாகி நிக்கோடிம் புகாரியு கீழ்மாடியில் தன் பெட்டியின் ஒலியை முழுக்கத் திறந்துவைத்திருந்தார். கட்சிக்காரர், உரை நடக்கும்போது படிக்கட்டு முழுக்க அது கேட்க வேண்டும் என்பது அவர் வழக்கம். எங்கள் பெட்டியின் ஒலியைக் குறைத்தாலும் தரைவழியாக அவருடைய தலைவர் பேசிக்கொண்டே இருப்பார்.

திடீரென்று படம் வெளுத்தது. பனிமூட்டத்துக்குள் போனதுபோல தலைவர் மங்கினார். கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அடியில், அவர் நெஞ்சுக்குக் கீழே, கறுப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. ஆங்கிலம். ஆனால் முதல் சொல்லைப் படிக்க ஆங்கிலம் வேண்டியதில்லை. எங்கள் மொழியிலும் அதே சொல்தான், அதே பொருள்தான்.

நான்சென்ஸ்.

தலைவர் அறுவடையைப் பற்றிப் பேசினார். சொல் நின்றது. எஃகு உற்பத்தியைப் பற்றிப் பேசினார். சொல் நின்றது. அனிகோ எழுந்து போய் மேசைவிரிப்பை உருவி எடுத்து, தொலைக்காட்சிப் பெட்டிமேல் போர்த்தினாள். "நீ பாக்கல" என்று என்னிடம் சொன்னாள். "நானும் பாக்கல." கீழே புகாரியு வீட்டு ஒலி சட்டென்று நின்றது. கட்டடம் முழுக்க ஒரு சத்தமில்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அமைதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்துவிட்டது. சவேத்தாவின் இயந்திரத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தப்பும் தவறுமாக எதையாவது தட்டினால் அது திரையின் அடியில் இந்த வரியைத்தான் போடும். அது அந்த இயந்திரத்தின் சுபாவம். புரியாததை எல்லாம் அபத்தம் என்று சொல்லிவிட்டு, அடுத்த விசையைத் தட்டும்வரை அப்படியே நிற்கும். செருப்பில்லாமல் படியிறங்கி ஓடினேன். தட்டினேன்.

உள்ளே ஏதோ கவிழ்ந்த சத்தம். நெடுநேரம் கழித்துக் கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது.

"அக்கா, நான்தான். உங்க மெஷின் எங்க வீட்டு டிவியில வருது."

அவருக்குப் புரியவில்லை. "என்ன வருது?"

"எழுத்து. அவர் பேசிட்டிருக்கார், கீழ எழுத்து நிக்குது. எல்லார் வீட்லயும்."

சங்கிலியைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினார், நானும் பின்னாலேயே போனேன். இயந்திரத்தைப் போட்டதும் எழுத்து வந்துவிட, கம்பியை ஏற்கெனவே மாற்றிவிட்டதாக நினைத்து, விசைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கக் கண்டபடி தட்டிவிட்டு, அடுப்பில் கஞ்சி பொங்கியதால் எழுந்து போயிருக்கிறார். இயந்திரம் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருந்தது. அவர் தொலைக்காட்சி முன்னால் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் திரையின் அடிப்பகுதியில் வைத்து அந்தச் சொல்லை மறைத்தார். தன் திரையில் மறைத்தால் எல்லோர் திரையிலும் மறையும் என்பதுபோல. அவருக்குத் தெரியாதா என்ன, ஆனால் கை அப்படித்தான் போயிற்று. நான்தான் சுவரிலிருந்து மின்செருகியைப் பிடுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் ட்ராயான் வேலை முடிந்து வந்தார். இருட்டில் நாங்கள் இருவரும் நிற்பதைப் பார்த்துவிட்டு, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் குனிஞ்சு நிமிர வேணாம்ல? பாத்தியா, ரெண்டையும் சேர்த்துவிட்டுட்டேன்."

சவேத்தா கணவரை வையவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடிவதற்குள் இயந்திரங்கள் காணாமல் போயிருந்தன. அப்போது வீட்டில் இருந்த மூன்றின் மின்சுற்றுப் பலகைகளையும் பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றி, பால்கனியில் இருந்த முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயின் அடியில் கல்லுக்குக் கீழே அமுக்கிவிட்டார். சூட்டுக்கோல் சோளமாவு டப்பாவுக்குள். தகரப் பெட்டிகளை நசுக்கி ட்ராயான் பணிமனைக்கே திருப்பிக் கொண்டுபோனார். அதன்பின் சவேத்தா வழக்கம்போல வேலைக்குப் போனார், வழக்கம்போல வரிசையில் நின்றார். படியில் என்னைப் பார்த்தால் மட்டும் வணக்கம் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். கட்டடமே அப்படித்தான் இருந்தது. அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. கீழே முற்றத்தில் ஒரு சின்னப் பெண் கயிறாட்டம் ஆடிக்கொண்டே "நான்சென்ஸ், நான்சென்ஸ்" என்று தாளம் போட, சன்னலில் நின்றிருந்த அவள் அம்மா ஓடி வந்து வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனாள். சவேத்தா அதைப் பார்த்துவிட்டார். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று ட்ராயான் சொன்னார்.

ஒரு பிற்பகல் அவர்கள் வந்தார்கள். எங்கள் ஊரில் 'அவர்கள்' என்றால் யார் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பேர். ஒருவர் நடுவயது, தோல் தொப்பி, கடுமையான ஜலதோஷம். மற்றவன் இளைஞன், மிகவும் மரியாதைக்காரன். அந்த மரியாதைக்குத்தான் எங்களுக்குப் பயம். நிக்கோடிம் புகாரியு சாவிக்கொத்தோடு அவர்களுக்கு முன்னால் நடந்தார். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். யார் என்பது இன்றுவரை தெரியாது. எதுவோ திரையில் வந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது; எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் படிக்கட்டு வரிசையின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள்.

பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சாட்சி. என்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். தலைவரின் நெஞ்சுக்குக் கீழே இருந்த அந்தச் சொல்லை உங்கள் வாயாலேயே உச்சரிக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால், உரை நடந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. அனிகோவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்று என்ன சொல்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தரைத்தளத்தில் ரெஸி அம்மாள், ஜெர்மன்காரர், விதவை, காது அறவே கேட்காது. கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசுவார். அன்று அவர் குரல் படிக்கட்டின் உச்சிவரை ஏறியது.

"நான் செர்பியாக்காரன் படம் பாத்தேன்! உரை எனக்கு எங்க கேக்குது? குதிரை வந்துச்சு! நிறையக் குதிரை!"

எல்லையைத் தாண்டி வரும் செர்பியத் தொலைக்காட்சியைப் பார்ப்பது குற்றம்தான். ஆனால் ஊரே செய்யும் குற்றம், வேறு அலைவரிசை. அதில் இருந்தவருக்கு எங்கள் நாட்டுத் திரையில் என்ன வந்தது என்று தெரிய வழியில்லை. ரெஸி அம்மாள் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, நான் கேட்டதில்லை. அடுத்த கதவில் தச்சர் குடும்பம், குதிரை பார்த்தது. அதற்கடுத்த கதவில் தாதிப்பெண், வெள்ளைக் குதிரை பார்த்தாள். மாடிக்கு மாடி, மூடிய கதவுகளின் பின்னால் எல்லோர் காதும் படிக்கட்டிலேயே இருந்தது. ஒவ்வொருவராகச் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு சவேத்தாவின் கதவு. அங்கே நடந்ததைப் பின்னால் ட்ராயான்தான் எனக்குச் சொன்னார். சவேத்தா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இவர்களும் குதிரை என்றுதான் சொன்னார்கள். இளைஞன் விடவில்லை. "நீங்க டிவி ரிப்பேர் பண்றவங்க. இப்படி எழுத்து வர்றது நடக்கக்கூடியதா, தோழரே?" என்று கேட்டான். சவேத்தா தரையைப் பார்த்துக்கொண்டு, மழைக்காலத்தில் புடாபெஸ்ட் ஒளிபரப்பு வரும், பெல்கிரேட் வரும், காற்றில் எது வேண்டுமானாலும் வரும் என்றார். தோல் தொப்பிக்காரர் இதற்குள் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டார். பீப்பாயின் மரமூடியைத் தூக்கினார்.

"கார முள்ளங்கிவேர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

சவேத்தா தலையாட்டினார்.

"எங்கம்மாவும் போடுவாங்க. எனக்கு இப்ப மூக்கே அடைச்சுப் போச்சு. வாசனையே தெரியல." அங்கேயே நின்றார். "ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்."

பலகைகளை ஒளித்த இரவில் மேலே இருந்த முட்டைக்கோஸ்களைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். எது மேலே மிதக்கிறது, எது பை என்று பார்த்தால் தெரியாது, உப்புநீர் கலங்கியிருந்தது. சவேத்தா சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். ஐஸ்போல இருந்த நீருக்குள் கையை விட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதடு அசைந்துகொண்டிருந்தது என்று ட்ராயான் சொன்னார். கை கொஞ்ச நேரம் உள்ளேயே துழாவியது. ஏதோ பிளாஸ்டிக் ஓரம் நீர்மட்டத்துக்கு வந்து, திரும்ப அமிழ்ந்தது. பிறகு ஒரு கோஸ் வெளியே வந்தது. சொட்டச் சொட்டத் தட்டில் வைத்து நீட்டினார். தொப்பிக்காரர் பால்கனியில் நின்றபடியே இலை இலையாக உரித்துத் தின்றார். உப்பு சரியாக இருக்கிறது என்றார். பீப்பாயை அவரே திரும்ப மூடிவைத்தார்.

எங்கள் கதவுக்கும் வந்தார்கள். அனிகோ குதிரை என்று சொன்னாள். ஒரு குதிரைக்குக் கால் ஒடிந்தது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். பதற்றத்தில் வாய் தானாக ஓடிவிட்டது. இளைஞன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு திரும்பினான்.

கடைசியாக எங்கள் கதவுக்கு வெளியே படிக்கட்டு முகப்பில் நின்று புகாரியுவிடம் கேட்டான். குரலைத் தாழ்த்தவில்லை, கட்டடம் கேட்கட்டும் என்றுதான் கேட்டான்.

"ஆக, இந்தப் படிக்கட்டுல ஒருத்தரும் உரையைக் கேக்கல. நீங்க நிர்வாகி, கட்சி உறுப்பினர். நீங்களாவது கேட்டிருப்பீங்களே, தோழர் புகாரியு?"

நான் கதவின் துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிக்கோடிம் புகாரியு கிட்டங்கி ஒன்றின் மேலாளர். பெருத்த உடம்பு, எப்போதும் ஏதாவது அதட்டிக்கொண்டிருக்கும் வாய். குப்பையைத் தவறான நேரத்தில் கொட்டியதற்காக என்னை முற்றத்தில் வைத்து மிரட்டியவர். அவர் பெட்டியின் ஒலி சட்டென்று நின்றதை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவர் பார்த்தார். அவர் மாடியும் சவேத்தாவின் மாடியும் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது அவருக்குத் தெரியாதிருக்க வழியில்லை. சாவிக்கொத்தைக் கையில் வைத்து ஒவ்வொரு சாவியாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

"நானும் குதிரைதான் பாத்தேன்" என்றார்.

அவ்வளவுதான். அவர்கள் போய்விட்டார்கள். சில வாரங்களில் புகாரியு நிர்வாகி இல்லை. கட்சிக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி வைத்து, எதிரி நாட்டுக் குதிரைகளைப் பற்றிக் கேட்டார்களாம். கிட்டங்கி மேலாளர் பதவி போய், அதே கிட்டங்கியில் மூட்டை ஏற்றுகிறவரானார். சவேத்தாவுக்காகச் செய்தாரா, தன் படிக்கட்டில் இப்படி நடந்தது என்று தெரிந்தால் தன் தலையும் போகும் என்று கணக்குப் போட்டாரா, எல்லோரும் ஒரு பொய்யைச் சொல்லும்போது தான் மட்டும் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லையா, எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்று நான் சவேத்தாவிடம் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப்போலப் பார்த்தார். "அவர் கைக்குள்ள நான் இருக்கேன் தம்பி. நானே போய் நல்லா இறுக்கிப் பிடிங்கன்னு சொல்லச் சொல்றியா?" அவர்களைக் கண்டு பயந்ததைவிட இப்போது புகாரியுவைக் கண்டு அதிகமாகப் பயந்தார். அவர் படியேறும் கனத்த ஓசை கேட்டால் விளக்கை அணைத்துவிடுவார். இதற்கு விலையாக அந்த ஆள் ஒருநாள் ஏதோ கேட்கத்தான் போகிறார், அது என்னவாக இருக்கும் என்பதே அவருடைய நாள்முழுதும் யோசனை.

வசந்தத்தில் ஒருநாள் புகாரியு கதவைத் தட்டியும்விட்டார். நான் அப்போது வானொலிப் பெட்டியைச் சரிபார்க்கக் கொண்டுபோய் அங்கே இருந்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மூட்டை தூக்கி இளைத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், சவேத்தா. அந்த வார்த்தை. அதை யார் எழுதினது?"

சவேத்தா கதவுப்பிடியை விடவில்லை. "யாரும் எழுதல அண்ணே. நான் கண்டபடி தட்டினேன். தப்பாத் தட்டினா அது அப்படித்தான் சொல்லும். என்னைத்தான் சொன்னுச்சு. அவரை இல்ல."

"தப்பாப் பேசினா உடனே சொல்லிடுமா?"

"சொல்லிடும்."

"எங்க கட்சிக் கூட்டத்துக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கலாம்" என்றார் புகாரியு. அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்கே சற்று நேரமானது. தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சவேத்தா கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றார். "எதுக்கு அப்படிச் சொன்னார்? நான் சிரிக்கிறேனான்னு பாக்கவா?" என்று என்னைக் கேட்டார். அது வெறும் வேடிக்கைதான் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அந்த வேடிக்கை அவரைப் பல மாதம் அரித்தது.

ஆனால் அதே வாரம் பீப்பாயிலிருந்து பலகைகளை வெளியே எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பையில் நீர் கசிந்திருந்தது. ஸ்பிரிட்டில் கழுவி, தணல் அடுப்பருகில் உலர்த்தி, ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தார். இரண்டு செத்துப்போயின. ஒன்று ஓடியது. அது கணக்கு வாத்தியாருக்குப் போயிற்று. சூடேறினால் புளித்த முட்டைக்கோஸ் வாசனை வருகிறது என்று வாத்தியார் என்னிடம் சொன்னார். பிறகு நான்காவது, ஐந்தாவது என்று வேலை தொடர்ந்தது. இவ்வளவு பயந்துகொண்டு ஏன் செய்கிறீர்கள் என்று நானும் ட்ராயானும் மாறிமாறிக் கேட்டிருக்கிறோம். "கை சும்மா இருந்தா பயம் ஜாஸ்தியாகுது" என்பதுதான் பதில்.

அதன்பின் ஒரு டிசம்பரில் எங்கள் ஊரிலேயே துப்பாக்கி வெடித்து, நாடே புரண்டது. அந்தத் தலைவரும் இல்லை, அந்த இரண்டு மணிநேரத் தொலைக்காட்சியும் இல்லை. புகாரியு படுக்கையில் அமைதியாகச் செத்தார். சவ ஊர்வலத்தில் சவேத்தா கடைசி ஆளாக, எல்லோருக்கும் பத்தடி பின்னால், நடந்துவந்தார். ரகசியப் போலீஸ் எங்களைப் பற்றிச் சேர்த்துவைத்த கோப்புகளை இப்போது யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். நானும் என்னுடையதைப் படித்தேன், உருப்படியாக ஒன்றுமில்லை. சவேத்தா விண்ணப்பிக்கவே இல்லை. "தகவல் சொன்னது யாருன்னு தெரிஞ்சிட்டா, அப்புறம் இந்தப் படியில எப்படி ஏறி இறங்குறது?" என்கிறார்.

போன மாதம் தலைநகரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பழைய கணினிகளைச் சேகரிக்கிறவர், தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்போகிறார்களாம். பொறியாளர் வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த இயந்திரத்தைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சவேத்தா செய்தது. வீட்டில் கையால் செய்த நகல்களில் இவ்வளவு சுத்தமான வேலையைத் தான் பார்த்ததில்லை என்றார். சவேத்தாவின் காதுமடல் சிவந்தது. மூடியைக் கழற்றிவிட்டு, விரல்நுனியால் பற்றவைப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் நின்று, இது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை, அவசரத்தில் வைத்தேன் என்றார்.

வந்தவர் வெள்ளி மை நிரப்பிய பேனா ஒன்றை நீட்டினார். பலகையின் மூலையில் உங்கள் பெயரை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். சவேத்தா என்னைப் பார்த்தார். எழுதுங்கள் அக்கா, இனி யார் என்ன செய்யப் போகிறார்கள் என்றேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக முழுப்பெயரையும் எழுதினார். அழகான கையெழுத்து. எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட நாளாகப் பார்க்காத யாரையோ பார்ப்பதுபோல இருந்தது.

"இதை எங்க வைப்பீங்க?" என்று கேட்டார்.

"கண்ணாடிப் பெட்டியில, அம்மா. நடுக்கூடத்துல."

"யாரெல்லாம் பாப்பாங்க?"

"எல்லாரும் பாப்பாங்க."

சவேத்தா தலையாட்டினார். பேனாவை மூடி, நன்றி சொல்லி, அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு மை காய்வதற்குள் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அந்தப் பெயரை இடமிருந்து வலமாக மெதுவாகத் தேய்த்தார்.